நடுச் சீற்றில் இருந்து பார்த்த நட்சத்திர ஆட்டம்

அமெரிக்க உதைபந்தாட்டக்காரர் இப்போது ஜெர்மனிக்கே வந்து விளையாடிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்க்க லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் வர நினைக்கிற சில வாசகர்கள், "அண்ணை, எங்க தங்கலாம், எவ்வளவு காசு முடியும், ஒருக்கா எழுதுங்கோவன்" என்று கேட்டிருந்தார்கள். ஐயோ, என்னிடம் வந்து கேட்டீர்களே! அந்த விளையாட்டில் நான் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் 1987 மாசியில், ஒரு திரையில், ஆட்டம் நடந்து ஆறு நாள் கழித்து. ஆனால் அதைப் பார்க்கப் போன பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இருந்து எழுதலாம். அதையே எழுதுகிறேன். கடைசியில் வழியும் சொல்லுகிறேன், கோவிக்காதேங்கோ.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. நாஹெ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில், பழைய சத்திரம் ஒன்றை அகதிகள் விடுதி ஆக்கியிருந்தார்கள். ஒரு அறைக்கு மூன்று கட்டில், ஒரு மின்னடுப்பு, ஒரு கேத்தில். என் அறையில் இருந்த மற்ற இருவர் குணமும் தேவனும். இருவரும் ஒரே ஊர், ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிக்கூட அணி. குணம் கோல் காப்பான், தேவன் அவனுக்கு முன்னால் பின்வரிசையில் நிற்பான். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ஆயுத இயக்கத்துக்குப் போனார்கள். பிறகு இயக்கங்கள் ஒன்றோடொன்று அடிபட்ட காலம் வந்தது. இருவரும் வெவ்வேறு வழியால் தப்பி ஓடி, வெவ்வேறு விமானத்தில் ஏறி, கடைசியில் ஜெர்மன்காரன் போட்ட கட்டில் கணக்கில் ஒரே அறைக்குள் வந்து விழுந்தார்கள். ஐப்பசியில் தேவன் பெர்லினில் இருந்து மாற்றலாகி வந்து கதவைத் திறந்தபோது குணத்தின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. எல்லாம் என் ஊடாகத்தான். "ராசன், கேத்தில் கொதிக்குதெண்டு அவருக்குச் சொல்லு." "ராசன், சோத்துக்கு உப்புக் காணாதெண்டு அவருக்குச் சொல்லு." அவர் என்னவோ மூன்றடி தள்ளித்தான் இருப்பார்! நானும் திரும்பி, "உப்புக் காணாதாம்" என்பேன். தபால் கந்தோரில் கூட எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் கொண்டுபோக எனக்கு அனுமதி இல்லை. கார்த்திகையில் அவர்களுடைய ஊர்ப்பக்கம் ஷெல் விழுந்ததாகக் கேள்வி. தனியாக இருந்த தாயைப் பற்றித் தேவனுக்கு அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. குணத்தின் மாமா லண்டனில் இருந்து ஞாயிறுதோறும் விடுதிக்குத் தொலைபேசி எடுப்பார். அவரிடம் ஊர்ப் புதினம் முழுக்க இருக்கும். "நான் கேக்கிறன் குணத்திட்ட" என்று ஒருநாள் சொன்னேன். தேவன் என் கையைப் பிடித்துவிட்டான். "வேண்டாம். அவனிட்ட எனக்காக ஒண்டும் கேக்கக்கூடாது. கேட்டியெண்டா உன்னோடையும் கதைக்கமாட்டன்." ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடிக்கிறபோதெல்லாம் அவன் குசினி வாசலில் நின்று ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டே இருப்பான்.

இதற்குள் அமெரிக்க உதைபந்தாட்டம் எங்கே வந்தது என்கிறீர்களா? அகதிகளுக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபை தருகிற கூட்டல் துடைத்தல் மட்டும் செய்யலாம், மணித்தியாலத்துக்கு இரண்டு மார்க். எங்களுக்குக் கிடைத்தது விளையாட்டு மைதானம். ரே என்ற அமெரிக்க சார்ஜன்ட் ஒருவர், பெரிய உருவம், பெரிய சிரிப்பு, அங்கே ஜெர்மன் பொடியளுக்குத் தன் நாட்டு உதைபந்தாட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டுக்கு மைதானம் முழுக்கக் குறுக்குக் கோடுகள் வேண்டும். குணம் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிப்பான், தேவன் மறு நுனியைப் பிடிப்பான், நான் நடுவால் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போவேன். கயிறு தளர்ந்தால்கூட ஒருத்தன் மற்றவனைப் பார்த்து இழு என்று சொல்லமாட்டான். "ராசன், இழுக்கச் சொல்லு!"

கோடு நேராக இருக்கிறது என்று ரேக்கு எங்களில் நல்ல பட்சம். மாசி தொடங்க அவர் வந்து சொன்னார்: ஹவாயில் தொழில்முறை ஆட்டக்காரரின் நட்சத்திர ஆட்டம் நடந்து முடிந்தது, அதை வருகிற சனிக்கிழமை பாட் குரொய்ஸ்நாஹில் உள்ள எங்கள் படைமுகாம் மண்டபத்தில் பெரிய திரையில் போடுகிறோம், மூவரும் என் விருந்தாளிகள். நான் இரண்டு பேரையும் கேட்காமலே ஓம் என்றுவிட்டேன். காரணம் இருந்தது. தேவனுக்குக் கனடா அலுவல் சரிவந்துவிட்டது, அடுத்த புதன்கிழமை பயணம். அதற்குள் அவன் வாய் திறந்து கேட்காவிட்டால் தாய் இருக்கிறாவா இல்லையா என்று தெரியாமலே கடல் தாண்டுவான்.

மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்குக் கடிதம் வேண்டும். கந்தோரில் இருந்த பெண் காரணம் கேட்டார். உதைபந்தாட்டம் என்றேன். எந்த அணி என்றார். எல்லா அணியும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். சனி ஒருநாள் மட்டும், இரவுக்குள் திரும்ப வேண்டும்.

காலை ஒன்பது பத்துக்கு ரயில். நாற்பத்தைந்து கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம், ஒருவழிக்கு ஒன்பது மார்க். அந்தக் காலத்து ரயில்களில் ஆறு பேர் இருக்கிற சின்ன அறைகள் இருக்கும், பக்கத்துக்கு மூன்று சீற். எதிர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு நிறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் குணம் யன்னல் கரையில், தேவன் வாசல் கரையில், நடுவில் வழக்கம்போல நான். குணம் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அரைவாசி யன்னலை மறைத்துவிட்டான். தேவன் கதவைப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் எதிரில் இருந்த பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

படைமுகாம் வாசலில் எங்கள் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு ரே எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டார். உள்ளே சுடச்சுட எண்ணெய் மணம், இருநூறு பேர் வரையில் சனம், பிள்ளைகுட்டிகள். யாருக்கு வெற்றி என்று எல்லாருக்கும் ஆறு நாளாகத் தெரியும், ஆனாலும் கூச்சலுக்குக் குறைவில்லை. ரே ஒரு தட்டு நிறைய இறைச்சி வைத்த பாண் கொண்டுவந்தார். "மாடோ?" என்று குணம் என் காதில் கேட்டான். ஓம் என்றேன். அவன் வெறும் பாணை மட்டும் பிரித்துச் சாப்பிட்டான். அந்தப் பக்கத்தில் தேவனும் அதையே செய்தான். இரண்டு பேருடைய இறைச்சியும் எனக்குத்தான் வந்தது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்குத் தொடங்கியது. முதல் அரை மணித்தியாலம் ஒரு கோதாரியும் விளங்கவில்லை. உதைபந்தாட்டம் என்கிறார்கள், காலால் உதைக்கிறதைக் காணவில்லை. ஒரு நிமிசம் ஓடுகிறார்கள், மூன்று நிமிசம் நின்று கதைக்கிறார்கள். குணம்தான் ஒன்றைக் கவனித்தான். "ராசன், ஒரு பக்கத்து ஆக்களெல்லாம் ஒரே சட்டைதானே போட்டிருக்கினம். பிறகேன் தலைக்கவசம் மட்டும் ஆளுக்கொரு நிறம்? கேள்." கேட்டேன். ரே வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "தலைக்கவசம் அவரவர் சொந்தக் கழகத்தினது. வருசம் முழுக்க இவனை அவன் விழுத்தினான், அவனை இவன் விழுத்தினான். நாளைக்கும் விழுத்துவார்கள். இந்த ஒரு நாளைக்கு மட்டும் ஒரு சட்டை." ரேக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு அது நடந்தது. பந்தைக் கொண்டு ஓடின ஒருத்தனுடைய கையில் இருந்து பந்து நழுவி விழுந்தது. அத்தனை பாரமான மனுசரும் அதன்மேல் விழுந்தார்கள். நடுவர் ஒவ்வொருத்தனாக இழுத்து எழுப்ப, எல்லாருக்கும் அடியில் ஒருத்தன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"டேய் குணம்! நெல்லியடி அணியோட விளையாடின மச்சில நீ கிடந்த மாதிரியே கிடக்கிறானடா!"

தேவன் எழும்பி நின்று கத்துகிறான். குணம் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:

"கிடந்தது ஆரால? பின்னுக்குப் பாக்காமல் பந்தை எனக்குத் தட்டிவிட்டது நீ. பல்லுப் போனது எனக்கு."

"பல்லுப் போனாலும் கோல் போகேல்லைத்தானே!"

"போயிருந்தா உன்னை அண்டைக்கே கொலை செய்திருப்பன்."

பிறகுதான் இருவருக்கும் தாங்கள் செய்த வேலை உறைத்தது. தேவன் இருந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினான். குணம் காய்ந்த பாணை இன்னொரு கடி கடித்தான். ஆட்டம் முடியும்வரை ஒரு சொல் இல்லை. சரி, கதவு திறந்து திரும்பவும் பூட்டிவிட்டது, இனி விதிப்படி என்று நினைத்தேன்.

ரே எங்களை நிலையத்தில் இறக்கிவிட்டார். ரயில் மூன்று மணிக்கு, இன்னும் இருபது நிமிசம். நல்ல வெய்யில், ஆனால் காதைக் கடிக்கிற குளிர். தேவன் மேடையின் அந்தத் தொங்கல்வரை நடந்தான். திரும்பி வந்தான். என்னைத் தாண்டிப் போய்க் குணத்துக்கு முன்னால் நின்றான்.

"உன்ர மாமா போன் எடுக்கேக்க எங்கட அம்மாவைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"என்னெண்டு?"

"இருக்கிறாவோ எண்டு."

குணம் அவனை விறைத்துப் பார்த்தான். "உனக்குத் தெரியாதோ?"

"என்ன தெரியாதோ?"

"டேய், உன்ர அம்மா கார்த்திகையில இருந்து எங்கட வீட்டிலயெல்லோ நிக்கிறா! உங்கட கூரை போன அண்டைக்கே எங்கட அம்மா போய்க் கையோட கூட்டிக்கொண்டு வந்திட்டா. ரெண்டு பேரும் ஒரு அடுப்பிலதான் சமைக்கினம். உனக்குக் காயிதம் போட்டவையாம்."

"எங்க போட்டவை?"

"பெர்லினுக்கு."

"நான் பெர்லினை விட்டு வந்து எவ்வளவு நாள்!"

"அது எனக்கு விளங்கேல்லையடா. நீ எல்லாம் அறிஞ்சுகொண்டும் ஒரு சொல்லுச் சொல்லாமல் இருக்கிறாய் எண்டு நான் இவ்வளவு நாளும் விசர் பிடிச்சுப்போய் நிண்டனான்."

தேவன் அப்படியே மேடை வாங்கில் குந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அழாதை, சனம் பாக்குது" என்று குணம் அதட்டினான். அவனுடைய கண்ணும் வழிந்துகொண்டிருந்தது. "இருமல் கொஞ்சம் இருக்காம். மற்றும்படி சுகமாம். எங்கட அம்மாவோட உப்புப் புளிக்குச் சண்டையாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நின்றான். எனக்கும் அழுகை வந்தது. கோவமும் வந்தது. கேத்தில் கொதிக்குது, உப்புக் காணாது என்று மாதக்கணக்கில் சுமந்த என்னிடம், சுமக்க வேண்டிய ஒன்றை மட்டும் இரண்டு பேரும் தரவில்லையே!

ரயில் வந்தது. திரும்பவும் அதே மாதிரி அறை. நான் பழக்கதோசத்தில் நடுச் சீற்றில் போய் இருந்தேன். தேவன் என் தோளைத் தட்டினான். "ராசன், நீ அங்கால போ. நாங்கள் கதைக்கோணும்." என்னை யன்னல் கரைக்குத் தள்ளிவிட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இறங்குமட்டும் வாய் ஓயவில்லை. புதன்கிழமை தேவனுடைய பெட்டியைக் குணம்தான் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவுக்கும் ஜெர்மனிக்கும் ஒன்றரை மணித்தியாலம் கதை நடக்கிறது. எனக்குத்தான் ஒருத்தரும் எடுக்கிறதில்லை, அது வேறு கதை.

போன இலையுதிர் காலத்தில் அந்த வழியால் ஒருமுறை போய் வந்தேன், ஆகவே கேட்டதற்குப் பதில். பிராங்பேட்டில் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அடுத்த நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பிராங்பேட்டில் இருந்து மைன்ஸ் வழியாகப் பாட் குரொய்ஸ்நாஹுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஒன்றேகால் மணித்தியாலம் அளவில். மாநிலங்களுக்கான நாள் சீட்டில் சிலவற்றுக்கு எல்லை உண்டு, எடுக்க முதல் கேட்டுக்கொள்ளுங்கள். படைமுகாமைத் தேடி அலைய வேண்டாம். அமெரிக்கர் எப்பவோ போய்விட்டார்கள், அந்த வாசல் இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட, ஊருக்கு வெளியே முள்ளுச் செடி அடுக்கிக் கட்டின, உப்புத் தண்ணீர் சொட்டுகிற உயரமான சுவர்கள் இருக்கின்றன, காசில்லாமல் பார்க்கலாம், சளிக்கும் நல்லது. பாண் கட்டிக்கொண்டு போங்கோ.

பிறகு அங்கேயே திரும்பிவிடாமல், ஆற்றோடு மேலே இன்னும் முக்கால் மணித்தியாலம் ரயிலில் போங்கோ. எந்தப் பக்கத்துச் சீற்றில் இருப்பது என்று யோசிக்கத் தேவையில்லை, பாதை ஆற்றை மாறி மாறிக் கடக்கும். யன்னல் கரை கிடைத்தால் போதும். செங்குத்தாக நிற்கிற சிவந்த பாறை, அதன் அடியில் ஆறு, ஆற்றில் பின்னேர வெய்யில். அன்று காலையிலும் அதே பாதையால்தான் போனேன். ஆறு ஒன்று கூடவே வந்ததே எனக்குத் தெரியாது.