கால் சிரித்த கவிதை

மேடை எனக்கு அச்சம் தந்ததில்லை. கல்லூரி நாட்களில் ஒலிவாங்கியின் முன் நின்றால், எதிரணியின் வாதத்தை அவர்கள் சொற்களைக் கொண்டே வீழ்த்திவிட்டுத்தான் இறங்குவேன். மேடைச் சொல்லுக்கு ஒரு கருணை உண்டு: கைதட்டல் அடங்கும்போது அதுவும் அடங்கிவிடும். கேட்டவர் யார், முகம் சுளித்தவர் யார் என்பது கண்ணெதிரே தெரியும். முகமில்லாத அவையின் முன் நிற்பது எத்தகையது என்பதை வலைப்பூவில் கவிதை எழுதத் தொடங்கிய பின்புதான் அறிந்தேன்.

அப்போது ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எனக்கு வேலை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், வேலைநிலையைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்டர் தொழிலாளர்களிடம் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு, முன்கூட்டியே அவர்களுக்குப் பதில் பழக்க வேண்டும். என் பேச்சுப்போட்டிச் சான்றிதழ்களைப் பார்த்துத்தான் மேனேஜர் அந்தப் பொறுப்பைத் தந்தார். “கண்ணப் பாத்துச் சொல்லுங்க. சுருக்கமாச் சொல்லுங்க. சொன்னதும் நிறுத்திப்போடுங்க” என்பது நான் வகுத்த பாடம். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தே கற்பித்தேன். நன்றாகக் கற்பிக்கிறேன் என்ற செருக்கும் இருந்தது.

செக்கிங் மேசையில் நாள் முழுதும் நின்றபடி துணியில் ஓட்டை பார்க்கும் ஓர் அம்மா, தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர், ஒத்திகையில் அந்த ஒரு பதிலில் மட்டும் தடுமாறினார்.

“எட்டு மணி நேரந்தானுங்கன்னு சொல்லுங்கம்மா” என்றேன்.

“சொல்லிருவேன் தாயி. எங்காலு கேட்டுக்கிட்டுல்லா இருக்கு. அது சிரிச்சிராதா?”

கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “காலுக்கும் தனியா ஒரு கிளாஸ் எடுங்க மேடம்” என்றாள் ஒருத்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டருகே இருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் அமர்ந்து அதைக் கவிதையாக்கினேன். எனக்குப் புனைபெயர் இருந்தது. நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கடைசி வரியாக வைத்தேன். பிறர் கூற்றைச் சிதைக்காமல் எடுத்தாள வேண்டும் என்பது நான் பயின்ற மேடை ஒழுக்கம்.

அதுவரை என் கவிதைகளுக்குப் பின்னூட்டம் வருவதே அரிது. இதற்கோ மறுநாளே வரிசையாக வந்தன. எங்கோ கடல் கடந்து வாழும் ஒருவர், கடைசி வரியை விட்டு வெளியே வர முடியவில்லை என்று எழுதியிருந்தார். மிதந்தேன். அதற்குக் கீழே பெயரில்லாத ஒருவர் கேட்டிருந்தார்: “இது எந்தக் கம்பெனி? அந்த அம்மா எந்த டேபிள்?”

பரிவோடு கேட்டதாகவும் இருக்கலாம். மேடையில் என்றால் குரலை வைத்து உள்நோக்கத்தை உணர்ந்திருப்பேன். திரையில் இருந்தது எழுத்து மட்டுமே. என் பெயரை மறைத்த நான் அந்த அம்மாவின் குரலை மறைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வரியைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஓர் அறை நிறைய இருந்தார்களே!

கவிதையை நீக்கினேன். பயனில்லை. யாரோ அதை மின்னஞ்சலில் ஏற்றியிருந்தார்கள், ஒருவர் இன்னொருவருக்கென்று அது போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் ஆடிட்டர் வரவிருந்த நிலையில், மேனேஜர் என்னை அறைக்கு அழைத்தார். அவர் கையில் அதன் அச்சுப்பிரதி.

“அம்மணி, நீங்கதான் தமிழ்ல புலியாச்சே. இதப் படிச்சுப் பாருங்க. நம்ம கதையாட்டவே இருக்குதுங்க. காலு சிரிக்குமாமா! செக்கிங்ல ஒரம்மா இப்பிடிச் சொல்லுச்சுன்னு சூப்பர்வைசர் சொல்றாப்ல. எங்கியோ வாய விட்டிருக்குது. ஆடிட்டர் வர்றதுக்குள்ள நாளையிருந்து வரவேண்டாம்னு சொல்லிப்போடறேன்.”

நான்தான் எழுதினேன் என்ற இரண்டு சொற்கள் தொண்டை வரை வந்தன. அச்சம் அவற்றை அங்கேயே நிறுத்திவிட்டது. அதற்குள் பழகிய நாக்கு தன் தொழிலைத் தொடங்கியிருந்தது.

“இல்லீங்க சார். இது தெக்கத்திச் சொலவடைங்க. பொய் சொன்னா காலு சிரிக்கும்னு அந்தப் பக்கம் எல்லாருஞ் சொல்லுவாங்க. எழுதுனவனுக்கும் சொந்தச் சரக்கு இல்லீங்க, சுமாரான கவிதைதான்.”

அப்படியொரு சொலவடை எந்த ஊரிலும் இல்லை. அந்த நொடியில் நான் கட்டியது. மேனேஜர் தாளை மடித்தார்.

“அப்பிடீங்களா? அந்தம்மாவையே கேட்டுப்போடலாம்.”

அந்த அம்மாவை அழைத்துவர ஆள் போனது. எத்தனையோ பேருக்குப் பதில் பழக்கிய எனக்கு, இவருக்கு ஒரு சொல் சொல்லிவைக்க வழியில்லை. கைகளில் பஞ்சுத் தூசியோடு அவர் உள்ளே வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, பொய் சொன்னா காலு சிரிக்கும்னு உங்கூர்ப் பக்கம் சொலவடை இருக்குதுங்களா?”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ. பிறகு மேனேஜரின் கண்ணை நேராகப் பார்த்தார்.

“ஆமா சார். எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாவ.”

அவ்வளவுதான். நிறுத்திவிட்டார். மேனேஜர் தாளை இழுப்பறையில் போட்டுவிட்டு, அவரைச் செக்கிங் மேசைக்கே திருப்பி அனுப்பினார்.

தேநீர் இடைவேளையில் மாடிப்படியருகே என்னைப் பிடித்துக்கொண்டார். “எதுக்கு தாயி அப்படிக் கேட்டாவ?” உள்ளதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் டீயை ஆற்றியபடி யோசித்தார்.

“எம்பேரு போட்டிருக்கியா?”

“இல்லீங்கம்மா.”

“நல்லதாப் போச்சு.” இரண்டு வாய் குடித்துவிட்டு, “எம்பேச்சு. எம்பேரு இல்ல. பாத்தியா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகும் மின்னஞ்சல் திறக்கும்போதெல்லாம் அந்த வரி எந்தக் கோலத்தில் திரும்பி வருமோ என்று முதலில் அதைத்தான் தேடுவேன். பிறர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்து எழுதும் துணிவு எனக்கு மீளவில்லை.

ஆடிட்டர் வந்தார். செக்கிங் மேசையருகே நின்று அந்த அம்மாவிடமே கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று. இரண்டு மேசை தள்ளி நின்றேன். அந்த அம்மா தடுமாறுவாரோ என்றுதான் முதலில் அஞ்சினேன்.

“எட்டு மணி நேரம் சார்” என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார். சொன்னதும் நிறுத்தினார்.

நான் குனிந்து அவர் கால்களைப் பார்த்தேன். ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த பனியனை எடுத்து விரித்தார்.