சிரிக்கப் பயந்த சேல்ஸ்காரி

புடவைக் கடை வேலைக்கு வாயும் இடுப்பும்தான் மூலதனம். கர்ப்பப்பையை எடுத்த பிறகு என் இடுப்பு காலை வாரிவிட்டது. இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். படிக்கும்போதே காலை இடுக்கிக்கொள்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி.

பெண்ணின் அம்மா

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், செங்கத்திலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. மேல் தட்டிலிருந்து ஒரு பச்சைப் பட்டுப்புடவையை இழுத்தேன். தூசி. ஒரே தும்மல், பாவாடை நனைந்துவிட்டது. பதறிப்போய், கையிலிருந்த பட்டைத் தோளிலிருந்து பாதம்வரை விரித்து மறைத்தபடி பின்னால் நகர்ந்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குக் குஷி தாங்கவில்லை.

“அதை மடிக்காதீங்க, உங்களுக்கே இவ்ளோ எடுப்பா இருக்குன்னா எம் பொண்ணுக்கு எப்படி இருக்கும்!”

மூன்றாவது மாடி

பட்டுப் பிரிவு மூன்றாவது மாடியில், பாத்ரூமோ கீழ்த்தளத்தில். கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டத்தில் நான் அடிக்கடி காணாமல் போவதைப் பார்த்த சூப்பர்வைசர் பஷீர் பாய், போன் பேசத்தான் போகிறேன் என்று நினைத்துவிட்டார். “இப்படியே போனா வேற ஆள் பாத்துக்கறேம்மா” என்றார்.

ஆம்பிளையிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் வேலை போனால் மகளின் காலேஜ் படிப்பு நின்றுவிடும். தரையைப் பார்த்தபடி, “ஆபரேஷனுக்கப்புறம் அடக்க முடியல பாய்” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவரும் தரையைப் பார்த்தார்.

“எங்க வூட்டுலயும் இதே கஷ்டந்தாம்மா. நாளையிலேர்ந்து கீழ காட்டன் செக்‌ஷனுக்கு வந்துடுங்க.”

முகம்

பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி மேடம் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். மூச்சை மட்டும் பிடிக்கக்கூடாது. எங்கேயும் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்றார். என் முகம் ஒத்துழைத்தால்தானே! ஒருநாள் புடவையை விரித்தபடியே செய்துகொண்டிருந்தேன். எதிரே, அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அம்மா விலையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தவர் மிரண்டுபோனார்.

“கோச்சுக்காதம்மா, போட்ட விலையே குடுத்துடறேன்.”

பாதியில் நின்ற சிரிப்பு

சில மாதங்களில் கசிவு நன்றாகவே குறைந்தது. அப்போதுதான் அக்கா தங்கை இருவர் கடைக்கு வந்தார்கள். தங்கை ஏதோ கேலி செய்ய, அக்கா சிரித்தார், சட்டென்று நிறுத்தினார், காலைப் பின்னிக்கொண்டார். எனக்கா தெரியாது! பாத்ரூமுக்கு அழைத்துப்போய் என் கதையைச் சொன்னேன். அவருக்கும் போன வருஷம் இதே ஆபரேஷனாம். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“புடவை கெடக்கட்டும், அந்த மேடம் எந்த ரூம்ல இருப்பாங்க?”

நாளெல்லாம் புடவையைப் பிரித்துக் காட்டுகிற எனக்கு, என் கஷ்டத்தை நானாகப் பிரித்துச் சொல்லத்தான் இத்தனை மாசம் ஆகியிருக்கிறது.