ஜெசி டீச்சரின் பெயர் மங்கித் தெரிகிறது

செவ்வாய்க்கிழமை காலை பள்ளி எழுத்தர் போனில் அழைத்தார். “சாறே, நம்ம ஜெசி டீச்சர் போயிட்டாவ. நாலு நாள் காய்ச்சல்தான். வெப்சைட்ல அஞ்சலி போட்டாச்சு, பாருங்க.”

அந்த இணையதளம் பார்க்க நன்றாக ஆனதே ஜெசி டீச்சரால்தான். மார்த்தாண்டம் பக்கத்திலுள்ள எங்கள் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் தற்காலிகக் கணினி ஆசிரியராக இருந்தார். கணக்கு ஆசிரியரான நான், ஓய்வுபெறும் வயதில் அவரிடம் இணையப் பக்கத்தின் நிறமும் அமைப்பும் எழுதும் சிஎஸ்எஸ் கற்றேன்.

தளத்தை முதலில் செய்தது ஒரு வெளி நிறுவனம். நீலப் பட்டையில் பள்ளிச் சின்னம் வெள்ளைக் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, புதுச் சட்டையில் விலைச் சீட்டைக் கிழிக்க மறந்ததுபோல. ஒரு மதிய இடைவேளையில் டீச்சர் அந்த வெள்ளையை எடுத்துவிட்டார். மேலே வரிசையாக இருந்த பக்கத் தலைப்புகளை, அந்த ‘டேப்’ என்னும் தாவல்களையும் திருத்தினார். திறந்திருக்கும் பக்கத்தின் தாவலுக்கு மட்டும் கீழ்க்கோடு இருக்காது. அது பக்கத்தோடு சேர்ந்து நிற்கும். “நாம எங்க நிக்கோம்னு ஆளுக்குத் தெரியணும்லா சாறே” என்றார்.

ஆண்டு விழாவில் பொன்னாடை நிறுவனத்துக்காரருக்குப் போர்த்தப்பட்டது.

‘ஆசிரியர்கள்’ என்ற தாவலைத் திறந்தால் நிரந்தர ஆசிரியர்கள் மட்டுமே இருப்பார்கள். அப்போது நான் ஆசிரியர்கள் சார்பில் நிர்வாகத்திடம் பேசும் செயலாளர். “தாளாளர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சாறே. பேரு மட்டும் போதும்” என்றார் டீச்சர். ஒரு வாரம் கழித்து, “கேட்டியளா?” என்றார். “கேட்டேன், பாப்போம்னாவ” என்றேன். நான் கேட்கவில்லை. என் ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். தளத்தின் கடவுச்சொல் அவர் கையில்தான் இருந்தது. ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவர் சேர்க்கவில்லை.

வகுப்பில் ஒருநாள் ஒரு மாணவியிடம், திரையில் படமும் எழுத்தும் இருந்த கட்டத்தைக் காட்டி, “ஏட்டி, பெட்டிய மொத்தமா மங்க வச்சா உள்ள எழுதினதும் சேந்து மங்கும். பின்னால உள்ள நெறத்த மட்டும் மங்க வை” என்றார். சுவருக்கு வெள்ளையடிப்பவர், மாட்டியிருக்கும் போட்டோவின் மேலும் அடித்துவிடக் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தளத்தைத் திறந்தேன். பள்ளிக் கட்டடம் பின்னால் பளிச்சென்று இருந்தது. முன்னால் டீச்சரின் படமும், ‘ஜெசி, கணினி ஆசிரியர்’ என்ற எழுத்தும் ஆவிபோல் வெளிறிக் கிடந்தன. பெட்டியை மொத்தமாக மங்க வைத்திருந்தார்கள். பதினொரு ஆண்டில் முதன்முறையாக அவரை ஆசிரியர் என்று போட்டிருந்தார்கள், அதுவும் வாசிக்க முடியாதபடி.

எழுத்தரை அழைத்துச் சொன்னேன்.

“டிசைனே அப்பிடித்தான் சாறே. அஞ்சலின்னா கொஞ்சம் மங்கித்தானே இருக்கும்?”

உலாவியிலேயே, மங்க வைக்கும் அந்த வரியைத் திருத்திப் பார்க்கும் வழியையும் டீச்சர் எனக்குக் காட்டியிருந்தார். “நம்ம திரையில மட்டுந்தான் மாறும் சாறே. திரும்பத் திறந்தா பழசுதான்” என்பார். திருத்தினேன். முகம் தெளிந்தது. பெயர் கறுத்து நின்றது.

இரண்டு நாளாக அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறேன். டீச்சர், என் மேசையில் உள்ள திரையில் மட்டும் உங்கள் பெயர் தெளிவாக இருக்கிறது. அன்று நான் தாளாளரிடம் கேட்கவில்லை. போய் வாருங்கள்.