அந்தோணியின் பீடி அல்ல

அந்தப் புல் கொட்டகை எரிந்தது அந்தோணியின் பீடியால் அல்ல, என்னால்.

தொண்ணூறுகளில், எலகங்காவைத் தாண்டி ஒரு பால் பண்ணையில் டிராக்டர் ஓட்டினேன். என்னைவிட வயதில் மூத்த டிராக்டர். அதன் பின்னால் பூட்டியிருந்த, புல்லைக் கட்டுக்கட்டாகக் கட்டும் பேலர் அதற்கும் கிழடு. உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? தரையில் காயும் புல்லை வாரி விழுங்கும், அமுக்கும், பிறகு ஓர் இரும்பு விரல் சணல் கயிற்றைப் பிடித்து, வளைத்து, முடிச்சுப் போடும்! மனிதக் கை படாமல்! திரும்பித் திரும்பிப் பார்த்தே என் கழுத்து வலிக்கும்.

அந்த விரல் ஒருமுறை உடைந்தது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி நானே சரிசெய்தேன். சரியான அன்று பார்த்து மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு பிடி புல்லை முறுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். படக்கென்று முறிந்தால்தான் கட்டலாம். முறுக்கினேன். முறியவில்லை... கயிறாகத் திரிந்தது.

இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? எங்கே பொறுத்தேன்! அந்த முடிச்சு விழுவதைப் பார்த்தே ஆக வேண்டும் எனக்கு. கட்டினேன். கொட்டகை நிறைய அடுக்கினேன்.

சில நாள் கழித்து ஒரு கட்டுக்குள் கையை விட்டேன். சுட்டது! ஈரப் புல் உள்ளுக்குள்ளேயே புழுங்கித் தீப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். என் கட்டுகளைப் பிரித்துக் கொட்ட மனம் வரவில்லை.

மறுநாள் நண்பகலில், யாரும் தீக்குச்சி கிழிக்காமல், அடுக்கின் நடுவிலிருந்து நெருப்பு எழுந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்... மெய்சிலிர்த்து நின்றேன்! பக்கத்தில் கட்டியிருந்த கன்று கத்தும்வரை நின்றேன். அதற்குள் தீ பரவி, கன்றை நெருங்க முடியவில்லை.

வாட்ச்மேன் அந்தோணி ஓயாமல் பீடி பிடிப்பவர். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவரும் தன்னையே சந்தேகித்தார்.

"அணைச்சேனா இல்லியான்னே ஞாபகம் வரலப்பா... என்னாலதான் அந்தக் கன்னுக்குட்டி போச்சு," என்று என் தோளைப் பிடித்து அழுதார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விடுங்கண்ணா, வேணும்னா செஞ்சீங்க?"

மன்னித்தேன்! நான்... அவரை!

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று.

ஆண்டுகள் ஓடிவிட்டன. விவேக் நகர் தேவாலயத்தில் வியாழக்கிழமைகளில் அவரைப் பார்க்கிறேன். பீடியை விட்டுவிட்டார். தீப்பெட்டியையே தொடுவதில்லை. மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது ஏற்றித் தருவார்களா என்று நிற்பார்.

போன வியாழன் என்னிடம் நீட்டினார்.

"நீ பத்த வைப்பா. என் கை ஆவாத கை."

பற்ற வைத்தேன்.