இறையாத கிணறு

என் முதல் அரசாங்க வேலை, ஒரு கிணற்றை யாரும் இறைக்காமல் பார்த்துக்கொள்வது. சிரிக்க வேண்டாம், அதற்குச் சம்பளமும் தந்தார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் அம்மாவோடு இருந்த எனக்கு அந்த நேரம் கடவுள் கண் திறந்ததாகத்தான் பட்டது.

கிணறு எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தது. அந்த வீட்டார் தெற்கில் கடை வைத்திருந்தவர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்த பிறகு ஊருக்கு வந்து கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். ஆளில்லாத வீடு, அள்ள ஆளில்லாத கிணறு என்பதால் நிலத்தடி நீரை ஆராயும் அரசாங்கத் திணைக்களம் அதைத் தெரிந்தெடுத்தது. நாடு முழுவதும் இப்படிக் கிணறுகள் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஆண்டுக்கணக்காகப் பதிவாகும். ஆராய்ச்சி செய்கிற எவரும் பிறகு அதை எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கள் கிணற்றுக்குள் ஒரு பித்தளை மிதவை கிடந்தது. மேலே தகரப் பெட்டிக்குள் மெல்லச் சுற்றும் உருளையில் ஒரு தாள். மிதவை அசைந்தால் பேனை கோடு போடும். தாள் மாற்றுவதும், உருளைக்குச் சாவி கொடுப்பதும், போத்தலில் கொஞ்சத் தண்ணீர் எடுத்து அனுப்புவதும் என் பொறுப்பு.

ஒரேயொரு நிபந்தனை, யாரும் அதில் அள்ளக் கூடாது. தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரிப் படிந்து கிடப்பது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும்.

ஊர்ச்சனம் அந்த நிபந்தனையைக் காப்பாற்றியதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். கோடையில் மற்றக் கிணறுகள் சவர் பட்டு உப்பானபோதும், பெண்கள் குடத்தோடு அந்த வேலியைத் தாண்டித் தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போனார்கள். போகிற போக்கில் பகிடி விடாமல் போனதில்லை.

“அரசாங்கத்தின்ரை குமர்ப்பிள்ளை. ஒருத்தரும் தொடேலாது.”

“கிணத்தைச் சொல்லுறியளோ, என்னைச் சொல்லுறியளோ?” என்று நானும் விடமாட்டேன்.

வேலை தற்காலிகம்தான். அதிகாரி ஒருவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் நிரந்தரமாக்குவார்கள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவுக்கு இருந்தது கொஞ்சத் தோட்டக் காணியும் சில பனைகளும். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை அம்மா கோயிலில் கும்பிடும்போதுகூட வாய்விட்டுச் சொல்வார்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள், புதுத் தாள்களும் மையும் எடுக்க நான் யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. சின்னம்மா வீட்டில் தங்கி, அடுத்த நாள் காலை அதிகாரியோடேயே பஸ் ஏறினேன். வழி முழுக்க அவர் நல்லபடியாகத்தான் பேசினார். தீவுப் பக்கத்தில் இவ்வளவு ஒழுங்கான பதிவு வேறு எங்கும் இல்லை என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வளவு வாசலில் ஊரே நின்றது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம். கிணற்றுக் கட்டின் மேல், புளி போட்டு மினுக்கிய பித்தளை மிதவை வெயிலில் பளபளத்தது. தண்ணீருக்குள் கிடக்க வேண்டிய மிதவை கட்டின் மேல் என்ன செய்கிறது?

“எப்ப இறைச்சனீங்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“நேற்றுத்தான் ஐயா,” என்றார் அம்மா. முகம் மலர்ந்திருந்தது. “சரவணை ஊரிலை இருந்து மிசின் கொண்டந்து அடிவரைக்கும் இறைச்சு, சேறெல்லாம் அள்ளிப்போட்டம். தங்களுக்கெண்டு ஒருத்தரும் ஒரு குடம்கூட அள்ளேல்லை. இறைச்ச கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் எண்டு சொல்லுறவையெல்லே. நீங்கள் வந்து பாக்கேக்கை நாறிக் கிடந்தால் என்ரை பிள்ளைக்கெல்லோ மரியாதைக் கேடு!”

அதிகாரி தகரப் பெட்டியைத் திறந்தார். ஒரு வருடமாக அலைந்து வந்த கோடு செங்குத்தாக விழுந்து தாளின் அடியில் கிடந்தது. கொண்டுவந்த கருவியைக் கிணற்றுக்குள் இறக்கி உப்பைப் பார்த்தார். முள் எனக்குப் பழக்கமில்லாத இடத்தில் போய் நின்றது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். “உம்மடை பிழை இல்லை எண்டு எழுதுவன். ஆனால் ஒருத்தரும் தொடாத கிணறு எண்டதிலைதான் இதின்ரை பெறுமதி. இனிப் பெட்டியைக் கழட்டி வேறை ஊருக்குத்தான் கொண்டுபோக வேணும், தங்கச்சி.”

கிணறு போனதோடு வேலையும் போனது.

அம்மா எங்கள் வீட்டுக்கு அவரை அழைத்துப் போய்க் கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்தார். “ஊறின முதல் தண்ணி ஐயா. நாங்கள் வாயிலை வைக்கேல்லை, உங்களுக்கெண்டுதான் வைச்சிருந்தது.” அவர் முதல் மிடறில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு முகம் சுளிக்காமல் கோப்பையை முடித்து, “நல்லது அம்மா,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த மனிதரில் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு.

நான் குசினி வாசலில் நின்றேன். நாட்டில் எத்தனையோ பேர் நாறட்டும் என்று விட்ட கிணறுகள் இருக்க, இந்த ஒன்றைத்தானா துப்பரவாக்கக் கிடைத்தது என்று வாய்க்குள் திரட்டி வைத்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவைக்கூட விட்டதில்லை.

அம்மா கேத்திலில் மிஞ்சியதைத் தனக்கு ஊற்றிக் குடித்தார். அப்படியே நின்றார்.

“பிள்ளை, உப்புக் கரிக்குது.”

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

“நானே பிள்ளை உன்ரை வேலையைக் கெடுத்தது?”

திரட்டி வைத்த ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது.

“இல்லையம்மா,” என்றேன். “அவசரத்திலை சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியள்.”

அம்மா தட்டிலிருந்த சீனிப் போத்தலை எடுத்துத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. மூடியை இறுக்கிப் போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “உப்புத்தான்.”