முதலாளியின் மனைவி கொடுத்த புகார்

அட்டைப்பெட்டிப் பட்டறையில் பசை காய்ச்சுவது முதல் ஆள் சண்டை தீர்ப்பது வரை எல்லாம் முதலாளியின் மனைவிதான். சம்பளம் மட்டும் கிடையாது. அங்கே வெட்டும் எந்திரத்தை ஓட்டுபவன் அவள் தம்பி. எந்திரத்துக்குப் பாதுகாப்பு மூடி போட்டால் வேலை மந்தமாகும் என்பது முதலாளியின் அசைக்க முடியாத கொள்கை. தம்பியின் பத்து விரல்களும் அக்காவுக்கு வேண்டியிருந்தன. சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

ஆய்வாளர் வந்து எந்திரத்துக்குச் சீல் வைத்தார். "மூடி போட்டாத்தான் சீலை எடுப்பேன். மறுபடி இப்படிப் பார்த்தா அபராதம் ரெண்டு மடங்கு." புகார் கொடுத்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டில் முதலாளி கர்ஜித்தார். "எவன்னு தெரியட்டும், வேலைய விட்டுத் தூக்கிடறேன்!"

"தாராளமா தூக்குங்க. நான்தான்," என்றாள் மனைவி, இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி. "மூடி போடாம ஓட்டினா, திரும்பவும் போன் பண்ணுவேன்."

தம்பி அவசரமாகக் கை கழுவினான். "மாமா, மூடி வாங்கக் கிளம்பட்டுமா?"

முதலாளி வண்டிச் சாவியை நீட்டினார்.