குளத்து வாசலில் காடி நிறுத்தும் இடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன மேட்டைத் தாண்டினால் நீச்சல் குளம். வெள்ளைக்காரர்கள் இருந்தவரை அது அவர்களுடையது. அவர்கள் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். குளத்து வாசலில் செம்மண்ணும் சரளையும் கொட்டிக் கெட்டித்த ஒரு வெளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய மோட்டார் காடிகள் அங்கே வரிசையாக நிற்கும்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரர்கள் போனார்கள், காடிகளும் போயின. குளத்தில் பாசி பிடித்துத் தவளை கத்த ஆரம்பித்தது. அரிசி குறையக் குறைய, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்த வெளியைக் கொத்தினோம். முதலில் பயந்து பயந்து ஓரத்தில் மட்டும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை என்றதும் நடுவிலும் கொத்தினோம். கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மரவள்ளிக் குச்சி நட்டோம். எங்களைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பாய்ச்சக் குளத்துத் தண்ணீர் இருந்தது. இலை துளிர்த்தபோது, நட்டதெல்லாம் நமக்குத்தான் என்று நம்பவே எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. தண்டவாள வேலை பார்த்தவர். ஊருக்கு வெளியே இலவசமாக அரிசி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் காலையில் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அங்கே அரிசி இல்லை, லோரிகள் நின்றன. வந்தவர்களை அப்படியே ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். வேலி தாண்டித் தப்பித்து வந்த ஒருவன்தான் அக்காவிடம் இதைச் சொன்னான். அதற்குப் பிறகு இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவின் முகம் இறுகிவிடும்.

என் வீட்டுக்காரர் இன்ஜினில் விறகு போடும் ஃபயர்மேன். ரயில்வே ஆட்களைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். தொட்டதும் உண்டு. அவர் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை எனக்கு வாசலில்தான் கண்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷத்தில், மரவள்ளி இடுப்பளவு வளர்ந்திருந்தபோது, கிராணி ஒருவர் வந்து வெளியைச் சுற்றிப் பார்த்தார். நம் ஆள்தான், தமிழர். சண்டைக்கு முன்னால் டவுனில் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. ஜப்பான் பாஷையை எல்லோருக்கும் முன்னால் கற்றுக்கொண்டு, ஜப்பான் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறவராக ஆகியிருந்தார். ஜப்பான்காரன் தன் பாஷையை நிப்பொங்கோ என்பான். நிப்பொங்கோ கிராணி என்று நாங்கள் அவருக்குப் பேர் வைத்திருந்தோம். அவருடைய சட்டை பளிச்சென்று வெளுப்பாக இருந்தது. நாங்களெல்லாம் சாம்பலைக் கரைத்துத் துணி அலசிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மனிதருக்குச் சோப்பு யார் கொடுக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"குளத்தைத் தொறக்கப் போறாங்கம்மா. இனிமே எல்லாரும் குளிக்கலாம். இலவசம்" என்றார்.

அக்கா மண்வெட்டியைக் கீழே போடாமல் நின்றாள்.

"வர்றவங்க காடி, சைக்கிள் நிறுத்த எடம் வேணும். முன்னாடி இங்கதானே நிறுத்தினாங்க?"

"இப்ப யாருகிட்ட காடி இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க வீட்ல ஆம்பளைங்க எத்தனை பேரு?" என்றார்.

"காடி நிறுத்துறதுக்கு ஆம்பளைங்க கணக்கு எதுக்கு?"

"எத்தனை சைக்கிள் வரும்னு தெரியணும்ல."

"அப்ப சைக்கிள் எத்தனைன்னு கேளுங்க."

சிரித்தார். அடுத்த வீட்டுக்குப் போய் அங்கேயும் அதையே கேட்டார். கையில் தாளோ பென்சிலோ இல்லை. எல்லாம் மனசில்தான் வைத்துக்கொண்டார். எழுதிக்கொண்டாலும் பயந்திருப்போம். எழுதாதது அதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை குளத்தங்கரையில் கூட்டம். அதிகாரிக்கு நாற்காலி, கிராணிக்கு நிற்க இடம், எங்களுக்குப் படிக்கட்டு. வரும்போதே எல்லோரும் வாசலில் லோரி ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தோம். ஆண்களில் பாதிப் பேர் உட்காரவே இல்லை, சுவரோரமாக நின்றார்கள்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவரும் வந்திருந்தார். பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓட்டிய பழைய காடி ஒன்று அவரிடம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை ஏன் பிடுங்காமல் விட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்தான் முதலில் பேசினார்.

"பெரியவங்க வந்து போற எடம். ரோட்டுல காடிய விட்டா மாட்டு வண்டி எப்படிப் போகும்? வாசல் பூரா மரவள்ளியா இருந்தா பார்க்க நல்லாவா இருக்கு? எடம் வேணும்தான்."

"உங்க காடி ஒண்ணுக்கா முதலாளி இவ்வளவு எடம்?" என்றாள் அக்கா.

சிலர் சிரித்தார்கள். முதலாளியும் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு ஒரு ஓரம் போதும்மா. நான் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேட்காதவர் எழுந்து ஏன் பேசினார்? யார் பேசச் சொன்னது? பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். அவர்களும் அதையே யோசிக்கிற மாதிரி தெரிந்தது.

ஒரு பெரியவர், சைக்கிள்களைச் சுவரில் சாத்தி வைக்கலாமே என்றார். இன்னொருவர், குளத்துக்குப் பின்னால் புல்தரை சும்மாதான் கிடக்கிறது, காடிகளை அங்கே விடலாம் என்றார். கிராணி இரண்டையும் ஜப்பான் பாஷையில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டி மறுத்தார். வாசலில்தான் வேண்டுமாம். ஏன் என்று சொல்லவில்லை.

நான் எழுந்தேன். "கெழங்கு இன்னும் புடிக்கல. மூணு மாசம் விட்டீங்கன்னா எங்களுக்குச் சாப்பாடு ஆகும். அப்புறம் எடுத்துக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கிராணி அதை மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டி எங்கள் குவார்ட்டர்ஸைக் காட்டினார், ரயில் தண்டவாளத்தைக் காட்டினார். நடுவில் அதிகாரி ஏதோ கேட்டார். கிராணி ஒரே சொல்லில் பதில் சொன்னார். அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதைத்தான்."

"நான் இவ்வளவு சொல்லலையே."

"அவங்க பாஷைல மரியாதைச் சொல்லு ஜாஸ்திம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கடைசியில் முடிவு இப்படி வந்தது: வாசலை ஒட்டிய பாதியைக் காலி செய்ய வேண்டும், பின்பாதி எங்களுக்கு. முழுதும் போய்விடும் என்று வந்தவர்கள் நாங்கள். பாதி கிடைத்ததில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா, "இவங்க எதுக்கு விட்டுக் குடுக்குறாங்க?" என்றாள்.

முன்பாதியைப் பிடுங்கினோம். கிழங்கு விரல் தடிமன்தான் இருந்தது. வேகவைத்தால் நார் நாராக வந்தது. அதையும் தின்றோம். பிறகு ஆட்கள் வந்து சரளை பரப்பிச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருகிற வழியில் கோடுகளுக்கு நடுவே நின்று பார்த்தார்.

"காடிக்கு இவ்வளவு நீளம் வேணாம். இது லோரி நிக்கிற நீளம்" என்றார்.

"குளிக்க வர்றவங்க லோரிலயா வருவாங்க?"

"வர்றதுக்கா போறதுக்கான்னு யாருக்குத் தெரியும்" என்றார்.

அடுத்த நாளே கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, வீட்டுக்கு வீடு ஆண்கள் கட்டாயம் வர வேண்டும், சைக்கிள் இருந்தால் சைக்கிளோடு, இல்லாவிட்டால் நடந்து.

யாரும் கூடிப் பேசவில்லை. யாரோடு பேசுவது? குழாயடியில் ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆனாலும் ஞாயிறு வருவதற்குள் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒருவர் வேண்டுதல் என்று பத்துமலைக் கோயிலுக்குப் போனார். சிலர் படுத்துப் போர்த்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இன்னொரு ஃபயர்மேனிடம் முறை மாற்றிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போகும் கூட்ஸ் வண்டியில் ஏறினார். இப்போது போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதுதான். எங்கே போகிறார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம்கூட இல்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததையும் நான் கவனித்துக்கொண்டேன்.

திறப்பு நாளன்று பெண்களும் குழந்தைகளும்தான் போனோம். ஒருவரும் போகாவிட்டால் வீடு தேடி வருவார்கள் என்ற பயம். ஜவுளி முதலாளியின் காடி ஒரு மூலையில் நின்றது. வேறு காடி இல்லை. பிறகு லோரிகள் வந்தன. என் கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது, எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

லோரிகளிலிருந்து சிப்பாய்கள் இறங்கினார்கள். தோளில் துண்டு. சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எங்கள் கண் முன்னாலேயே உடுப்பைக் கழற்றிவிட்டுக் கோவணத்தோடு தண்ணீரில் குதித்தார்கள். நாங்கள் அத்தனை பேரும் திரும்பி மரவள்ளியைப் பார்த்து நின்றோம். அந்தப் பயத்திலும் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கடைசியில் வந்த ஒரு லோரியிலிருந்து யாரும் இறங்கவில்லை. மேலே கேன்வாஸ் இழுத்துக் கட்டியிருந்தது. பின்பக்கம் திறந்து கிடந்தது, உள்ளே காலி. இரண்டு பேர் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்றார்கள். அவ்வளவு வெயிலில் அவர்கள் குளிக்கப் போகவில்லை.

கிராணி எங்களிடம் வந்தார். சட்டை வியர்த்து முதுகில் ஒட்டியிருந்தது.

"ஆம்பளைங்க யாரையும் காணோமே."

"சொரம்" என்றேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

கொஞ்ச நேரம் அந்த லோரியைப் பார்த்தார். "கொசு ஜாஸ்தி" என்றார். அதிகாரியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அதிகாரி கையை ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். கிராணி மறுபடி குனிந்தார். அந்த லோரி காலியாகவே திரும்பிப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "ஆளைக் கொண்டு வந்து விடலைன்னு அடி" என்றாள். எனக்கு அப்படியும் தோன்றியது. நமக்காகப் பொய் சொல்லி வாங்கின அடியோ என்றும் தோன்றியது. எங்களை நம்ப வைக்க இரண்டு பேரும் சேர்ந்து போட்ட நாடகமோ என்றும்கூடத் தோன்றியது. அந்தக் காலத்தில் ஒரு அறையைப் பார்த்து இத்தனையும் நினைக்க முடிந்தது.

என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை மத்தியானம் வந்தார். கருவாடு கொண்டு வந்திருந்தார்.

சிப்பாய்கள் கொஞ்ச காலம் குளித்தார்கள். பிறகு பம்பு பழுதாகிக் குளம் மறுபடி பாசியானது. மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்தது. நாங்கள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நட்டுக்கொண்டே வந்தோம். யாரும் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் தோற்றதும், அவனை எதிர்த்துக் காட்டில் இருந்தவர்கள் ஊருக்குள் இறங்கினார்கள். கிராணியைக் கையைக் கட்டி அந்தக் குளத்து வாசலுக்கே கொண்டு வந்தார்கள். சீனப் பையன்கள், சின்ன வயசு. இவன் ஆளைக் காட்டிக் கொடுத்தானா என்று மலாயில் எங்களைக் கேட்டார்கள். சட்டை அன்றைக்கும் வெளுப்பாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

அக்காவை முதலில் கேட்டார்கள். அவள் வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் கிராணியின் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு, "என் புருஷனைக் கொண்டுபோனது இவர் இல்ல. வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்டார். நான் சொன்ன கொஞ்சத்தை நிறையவாக மொழிபெயர்த்தார். காலி லோரி வந்தது. அறை வாங்கினார். "எதுக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது" என்றேன். கிராணி என்னைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று அவராகவும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் கொண்டு போனார்கள். சில நாள் கழித்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார் என்றும், குடும்பத்தோடு கிள்ளானுக்குப் போய்விட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்துக் கிள்ளான் பாசாரில் அவரைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் மடங்கவில்லை. அவர்தான் என்னை அடையாளம் கண்டு பேசினார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மீன் விலையைப் பற்றிச் சொன்னார். கிளம்பும்போது, "வீட்டுக்காரர் இன்னும் போர்ட்டுக்குப் போற கூட்ஸ்லதான் இருக்காரா? அன்னைக்கு அதுலதானே போனாரு" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேனா இல்லையா, தெரியாது. அவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெரிஞ்சும் சொல்லாம விட்டாரே. நல்ல மனுஷன்" என்றார்.

"அது சரி. அவருக்கு யார் சொன்னது?" என்றேன்.

முறை மாற்றிக்கொண்ட ஃபயர்மேனாக இருக்கலாம். ஸ்டேஷனில் யாராவது பார்த்திருக்கலாம். யோசித்துக்கொண்டு இருக்கும்போதே அக்கா கிண்ணம் எடுத்துக்கொண்டு புளி கேட்க வந்தாள். கிள்ளானுக்கா போயிருந்தாய், தெரிந்தவர்கள் யாரையாவது பார்த்தாயா என்று கேட்டாள்.

"யாரையும் பார்க்கலக்கா" என்று சொல்லிப் புளியைக் கிள்ளிப் போட்டேன்.